குளிர்காலத்தில் செயின்சோவுக்குக் கனோலா எண்ணெய் ஊற்றலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஒன்ராறியோவில் ஹலிபேர்ட்டன் பக்கம் ஒரு காட்டுக்காணி வாங்கியிருக்கிறீர்கள். அதில் பட்டுப்போன ஆஷ் மரங்கள் நிறைய நிற்கின்றன. கையில் 16 அங்குலப் பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீளமான இரும்புத் தகடு) போட்ட செயின்சோ வாள். குடிதண்ணீர்க் கிணறும் அதே காணிக்குள்தான். அந்தப் பாருக்கும் சங்கிலிக்கும் போடுகிற பார் ஒயிலுக்குப் பதில் சமையல் எண்ணெய் ஊற்றலாம் என்று பக்கத்துக் காணிக்காரர் சொல்கிறார். மைனஸ் 20-இல் அது உறைந்துபோகாதா, ரோல்ஸ் பொரித்து மிஞ்சிய எண்ணெயையும் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊற்றலாம். நான் பன்னிரண்டு குளிர்காலமாக ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மைனஸ் 15 வரைக்கும் புதிய கனோலா எண்ணெய் பயமில்லாமல் ஓடும். மைனஸ் 20-க்குக் கீழே போகிற நாட்களில் வேண்டாம். பொரித்த எண்ணெய் எந்த நாளிலும் வேண்டாம். ஆனால் குளிரைப் பற்றிக் கேட்கிற எல்லோரும் கேட்க மறக்கிற ஒன்று உண்டு: வேலை முடிந்த பிறகு அந்த எண்ணெய் வாளுக்குள் எத்தனை நாள் கிடக்கப்போகிறது? தெரிந்தவர்கள் என்னிடம் திருத்தக் கொண்டுவந்த வாள்களில் சமையல் எண்ணெயால் கெட்டவை எல்லாமே கோடையில் சும்மா கிடந்து கெட்டவை. பனியில் கெட்டது ஒன்றே ஒன்று, அது என்னுடையது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த எண்ணெய் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். கார் என்ஜினில் ஊற்றும் ஒயில் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். செயின்சோவில் அப்படி இல்லை. டாங்கில் இருந்து ஒரு சின்னப் பம்ப் எண்ணெயைப் பாரின் அடித்துளைக்குத் தள்ளும். சங்கிலியின் உள்பற்கள் அதைப் பாரின் விளிம்புப் பள்ளத்துக்குள்ளே இழுத்துக்கொண்டு பாரின் மூக்கு, அதாவது முன்நுனி, வரை போகும். சங்கிலி செக்கனுக்கு 20 மீற்றர் அளவு வேகத்தில் ஓடுகிறது, ஆகவே மூக்கில் திரும்பும் இடத்தில் எண்ணெய் விசிறி எறியப்படும். ஒரு சொட்டுக்கூடத் திரும்பி வராது. நடுத்தர வாளில் எண்ணெய் டாங்க் கால் லீற்றருக்குச் சற்றுக் கூட இருக்கும். பெற்றோல் ஒரு டாங்க் முடிகிற நேரம் எண்ணெயும் கிட்டத்தட்ட முடிகிற மாதிரித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். ஒரு பின்னேரம் நான்கைந்து டாங்க் வெட்டினீர்கள் என்றால் ஒரு லீற்றருக்கு மேல் எண்ணெய் உங்கள் காணியில், பனியின் மேல் கிடக்கும். சித்திரையில் பனி உருகும்போது அது நிலத்துக்குள் இறங்கும். கிணறு அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் நான் மாறினேன். ஆஸ்திரியாவில் எளிதில் மட்கிப்போகாத செயின்சோ எண்ணெய்க்கு 1990-களிலேயே தடை போட்டுவிட்டார்கள். அங்கே மலைக்காடுகளில் இருந்து வரும் ஊற்றுத் தண்ணீரைத்தான் சனங்கள் குடிக்கிறார்கள்.

சமையல் எண்ணெயை இயந்திரத்தில் ஊற்றுவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கனோலாவின் கதை தெரிந்தால் சுளிக்கமாட்டார்கள். அதன் தாய்ப்பயிர் ரேப்சீட் என்ற கடுகு இனப் பயிர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கனடாவில் ரேப்சீட்டைப் பெரிய அளவில் விதைத்ததே கப்பல்களின் நீராவி என்ஜின்களுக்கு எண்ணெய் போடத்தான். நீராவியும் தண்ணீரும் கழுவுகிற உலோகத்தில் மற்ற எண்ணெய்கள் வழிந்துபோய்விடும், ரேப்சீட் எண்ணெய் ஒட்டிக்கொண்டு நிற்கும். போர் முடிந்து அந்தத் தேவை குறைந்த பிறகுதான், 1970-களில், உடம்புக்கு ஆகாது என்று கருதிய எரூசிக் அமிலம் குறைந்த ரகங்களை உருவாக்கி அதைச் சாப்பாட்டு எண்ணெயாக ஆக்கினார்கள். கனோலா என்ற பெயரும் அப்போது வந்ததுதான். உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் இன்னும் அதற்கு உண்டு. தாவர எண்ணெயின் மூலக்கூறுக்கு ஒரு முனை உலோகத்தில் போய் ஒட்டும் தன்மை கொண்டது. பெற்றோலிய எண்ணெயில் அது இயற்கையாக இல்லை. அதில் ஒட்டுத்தன்மைக்கென்று ஒரு பிசுபிசுப்பான பொருளைக் கலந்து பார் ஒயிலாக விற்கிறார்கள்.

சரி, குளிருக்கு வருவோம். 40 டிகிரியில் அளந்தால் கனோலாவின் தடிப்பு வழக்கமான கோடைப் பார் ஒயிலின் மூன்றில் ஒரு பங்குதான். இதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் மாதிரி இருக்கிறதே, இது எப்படிப் போதும் என்பார்கள். ஆனால் வெப்பம் மாறும்போது தாவர எண்ணெயின் தடிப்பு மெதுவாகத்தான் மாறும். பெற்றோலிய எண்ணெய் குளிரில் வேகமாகத் தடிக்கும். மைனஸ் 10-இல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கோடைப் பார் ஒயில் கனோலாவை விடப் பத்து மடங்குக்கு மேல் தடிப்பாக இருக்கும். சரித்தால் வெல்லப்பாகு மாதிரி நின்று நின்று வரும். அதைத் தள்ளப் பம்ப் திணறும். பல வாள்களில் அந்தப் பம்பை ஓட்டுவது ஒரு சின்னப் பிளாஸ்டிக் திருகுப்பல், அது தேய்ந்து வழுக்கினால் எண்ணெய் வருவது நின்றுவிடும். ஆகவே பூச்சியத்துக்கும் மைனஸ் 15-க்கும் நடுவில், கோடை ஒயிலா கனோலாவா என்று என்னைக் கேட்டால், கனோலாதான் வாளுக்கு நல்லது. பலர் நினைப்பதற்கு இது நேர்மாறு.

மைனஸ் 15-க்குக் கீழே கதை மாறுகிறது. கனோலா ஓட்டம் நிற்கும் வெப்பநிலை மைனஸ் 20-ஐ ஒட்டி என்று பட்டியல்களில் இருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது எண்ணெயைச் சில மணி நேரத்துக்குள் குளிராக்கி எடுக்கிற அளவு. தாவர எண்ணெய் நாட்கணக்கில் குளிரில் நின்றால், அந்த எண்ணுக்கு மேலே இருக்கும்போதே மெல்ல மெல்லப் படிகமாகத் தொடங்கும். இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். வீட்டு பிறீசர் மைனஸ் 18. ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் பாதிக்குக் கனோலா ஊற்றி உள்ளே வையுங்கள். அடுத்த நாள் காலை சரித்துப் பார்த்தால் தேன் மாதிரி இறங்கும், நிறமும் தெளிவாக இருக்கும். அட, பரவாயில்லையே என்று தோன்றும். எடுத்துவிடாமல் விட்டுவிடுங்கள். நான் வைத்துப் பார்த்தபோது மூன்றாம் நாள் அடியில் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளைப் புகை தெரிந்தது. ஐந்தாம் நாள் போத்தலைத் தலைகீழாகப் பிடித்தேன், ஒன்றும் நகரவில்லை. உறைந்த நெய் மாதிரி நின்றது. ஒரு வாரம் வெளிக் கொட்டிலில் நிற்கிற வாளின் டாங்குக்குள் நடப்பதும் இதேதான்.

இப்போது என் கதை. ஒரு மாசி மாதம், இரவில் மைனஸ் 27. வாள் நான்கு நாளாக ட்ரக்கின் பின்பெட்டியில், டாங்க் நிறையக் கனோலாவோடு கிடந்தது. காலையில் இழுத்தேன், என்ஜின் பிடித்தது. எண்ணெய் வருகிறதா என்று பார்க்காமலே ஒரு பீச் மரத்தில் வைத்துவிட்டேன். இரண்டாவது வெட்டில் பாரின் மூக்கடியில் இருந்து மெல்லிய புகை. மரம் உறைந்திருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். மூன்றாவது வெட்டில் சங்கிலி தொய்ந்து பாருக்குக் கீழே தொங்கியது. கழற்றிப் பார்த்தால் பாரின் விளிம்பு இரண்டு விரல் நீளத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு நீலமாகிற அளவுக்குச் சூடேறினால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். புதுப் பாரும் புதுச் சங்கிலியும் வாங்க வேண்டியிருந்தது. டாங்க் மூடியைத் திறந்து விரலை விட்டேன். மெழுகு மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். முதலாவது, இரவில் எண்ணெய்ப் போத்தல் வீட்டுக்குள், வாள் வெளியே. வேலை முடிந்ததும் டாங்கில் மிஞ்சியதைப் போத்தலில் வடித்துவிடுவேன். காலையில் அறைச் சூட்டில் இருக்கும் எண்ணெயை ஊற்றிக்கொண்டு போனால், என்ஜின் சூடேறும் வரைக்கும் அது தாக்குப்பிடிக்கும். எண்ணெய் டாங்க் என்ஜினை ஒட்டித்தான் இருக்கிறது. ஐந்து பத்து நிமிடம் ஓடிய பிறகு உள்ளே இருக்கும் எண்ணெய் வெளிக்குளிரை விட நல்ல சூடாகவே இருக்கும். தயவுசெய்து வாளையே வீட்டுக்குள் கொண்டுவந்து விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதில் பெற்றோல் இருக்கிறது.

இரண்டாவது, வெட்டத் தொடங்குவதற்கு முன் எண்ணெய் வருவதைக் கண்ணால் பார்ப்பது. பாரின் மூக்கை ஒரு சாண் தூரத்தில், வெளிர் நிறமான ஏதாவது ஒன்றுக்கு நேரே பிடித்து, முக்கால் வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டினால் அதில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். கறுப்புப் பார் ஒயில் என்றால் பனியிலேயே தெரியும். கனோலாவுக்குப் பனி உதவாது, நிறமே இல்லையே. நான் ஒரு துண்டுக் கார்ட்போர்ட் பெட்டியை ட்ரக்கில் வைத்திருக்கிறேன். அதில் எண்ணெய் பட்டால் ஈரத்தழும்பு மாதிரிக் கருத்துக் காட்டும். சங்கிலி ஓடும்போது மூக்கு எதிலும் முட்டக்கூடாது, முட்டினால் வாள் மேலே எகிறும்.

கனோலாவில் அந்தப் பிசுபிசுப்புச் சேர்க்கை இல்லாததால் மூக்கில் கொஞ்சம் அதிகமாகத் தெறிக்கும். உங்கள் வாளில் எண்ணெய் அளவைக் கூட்டும் திருகு இருந்தால் ஒரு படி கூட்டிவிடுங்கள். பல வாள்களில் அது அடிப்பக்கத்தில், கிளச்சுக்குக் கிட்ட இருக்கும். 16 அங்குலப் பாருக்கு இது தாராளமாகப் போதும். 24 அங்குலத்துக்கு மேல் போட்டு மொத்த மரம் அறுக்கிறவர்களுக்கு வெறும் கனோலாவை நான் சொல்லமாட்டேன். அவர்கள் இதற்கென்றே செய்த மட்கும் பார் ஒயிலை வாங்குவதுதான் சரி. அதுவும் பெரும்பாலும் தாவர எண்ணெய்தான், ஆனால் ஒட்டவும் பழுதாகாமல் இருக்கவும் வேண்டிய சேர்க்கைகள் அதில் உண்டு. விலைதான் கூட.

மைனஸ் 20-க்குக் கீழே என்ன செய்வது? வேலையை ஒத்திப்போடுங்கள் என்பதே என் முதல் பதில். அந்தக் குளிரில் மரம் கல்லாகிவிடும், சங்கிலி சீக்கிரம் மழுங்கும், கையும் விறைக்கும். முடியாது, இன்றே வெட்டவேண்டும் என்றால் குளிர்காலப் பார் ஒயில் என்று லேபல் போட்டதை ஊற்றுங்கள். கனோலாவும் அதுவும் கலந்தாலும் பிழையில்லை, இரண்டும் பிரியாமல் சேரும். மண்ணெண்ணெய் விட்டு ஐதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிணற்றுக்காகத்தான் கனோலாவுக்கு வந்தோம், அதில் மண்ணெண்ணெயை ஊற்றி மண்ணில் தெளிப்பது எனக்கு மனம் வராத காரியம்.

சமையலறையில் இருக்கும் மற்ற எண்ணெய்கள்? தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே கட்டியாகும், அதைப் பேசவே வேண்டாம். கடலை எண்ணெயும் ஒலிவ் எண்ணெயும் பிறிஜ் குளிருக்கே கலங்கித் தடிக்கும். நல்லெண்ணெய் கொஞ்சம் தாங்கும், ஆனால் இந்த ஊர்க் குளிருக்குக் காணாது, அதை இட்லிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூரியகாந்தி ஓரளவு கனோலாவுக்குக் கிட்ட வரும், ஆனால் சீக்கிரம் பிசினாகும். கடையில் வெறுமனே ‘வெஜிடபிள் ஒயில்’ என்று எழுதியிருப்பது சோயாவாகவோ கலவையாகவோ இருக்கும். சோயா கனோலாவை விட முந்தி உறையும். ஆகவே போத்தலின் பின்பக்கத்தை வாசித்து, கனோலா மட்டும் என்று இருப்பதை எடுங்கள்.

பொரித்த எண்ணெய் பற்றி. வீணாகக் கொட்டுகிறோமே என்ற உங்கள் மனம் விளங்குகிறது. ஆனால் ரோல்ஸும் வடையும் பொரித்த தாச்சியில் மிஞ்சுவது வெறும் எண்ணெய் மட்டுமில்லை. மாத்தூள், உப்பு, மரக்கறியில் இருந்து இறங்கிய தண்ணீர் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. துணியில் வடித்தாலும் உப்பும் ஈரமும் முழுக்கப் போகாது. உப்பு இரும்பைத் தின்னும். தண்ணீர் பம்புக்குப் போகும் மெல்லிய குழாயில் உறைந்து அடைக்கும். அதைவிட, திரும்பத் திரும்பச் சூடேறிய எண்ணெய் பிசினாகும் வழியில் ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டது. வாளுக்குள் மிச்சத் தூரத்தை விரைவாக ஓடி முடிக்கும். பழைய என்ஜின் ஒயிலும் இதே மாதிரி வேண்டாம். அதில் உலோகத்தூள் இருக்கிறது, தோலில் நாட்பட்டுப் பட்டால் புற்றுநோய் வரக்கூடியது. வாளோடு வரும் கையேடுகளிலேயே அதை ஊற்றாதே என்று எழுதியிருக்கும்.

பிசின் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வாளைக் கொல்வது இதுதான். மரத் தளபாடத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிப் பார்த்திருப்பீர்கள். பூசும்போது எண்ணெய், சில நாளில் காற்றுப்பட்டுக் கெட்டியான படலம். கனோலாவுக்குள்ளும் அதே வேலை நடக்கும், வேகம் குறைவு, அவ்வளவுதான். காற்றில் இருக்கும் ஒட்சிசன் எண்ணெய் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிவிடும். மார்கழியில் மைனஸ் 10-இல் இது நடப்பது தெரியவே தெரியாது. ஆடி மாதம் கொட்டிலுக்குள் 30 டிகிரியில் மூன்று மாதம் கிடந்தால் நன்றாகத் தெரியும். ஒரு நண்பர் கொண்டுவந்த வாளில் சங்கிலியைக் கையால் இழுத்தால் அசையவில்லை. ஒவ்வொரு இணைப்பும் தேன் நிறத்தில் பளபளவென்று, அரக்கு ஊற்றியது மாதிரி பாரோடு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் சின்னச் சின்னச் செதிலாக வந்தது. பம்பும் இறுகிப்போயிருந்தது. செயின்சோ செய்யும் கம்பனிகளும் கையேட்டில் இதைத்தான் எச்சரிக்கிறார்கள். மட்கும் எண்ணெய் ஊற்றுவதானால் பழுதாகாத வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பிசினாகிப் பம்பையே பிடித்துவிடும் என்று. உங்கள் வாளுக்கு உத்தரவாதக் காலம் இன்னும் இருந்தால், சமையல் எண்ணெய் ஊற்றுவதற்கு முன் கையேட்டின் அந்தப் பக்கத்தை ஒருதரம் வாசியுங்கள்.

அப்படி ஒட்டிவிட்டால் சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறப்போட்டு, பல்துலக்கும் பிறஷால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். காஸ்டிக் சோடாக் கரைசல் இன்னும் நன்றாகக் கரைக்கும், ஆனால் அதைத் தனி இரும்புச் சங்கிலிக்கு மட்டும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். வாளின் உடம்பில் இருப்பது அலுமினியம், மக்னீசியம். காஸ்டிக் அலுமினியத்தைக் கரைத்துவிடும். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தாவர எண்ணெய் தோய்ந்த துணிக் குவியல் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போட்டு எறியுங்கள்.

எலிகளையும் சொல்லவேண்டும். எங்கள் கொட்டிலில் முதல் குளிர்காலம் எண்ணெய்ப் போத்தலின் பிளாஸ்டிக் மூடியைக் கடித்துவிட்டன. இப்போது ஒரு தகரப் பெட்டிக்குள் வைக்கிறேன். வாளையும் துடைத்துத்தான் வைப்பேன். ஐதான எண்ணெய் என்பதால் நிற்கும்போது கசியும், அடியில் ஒரு கார்ட்போர்ட் போடுங்கள்.

உங்கள் ஆஷ் மரங்களுக்கு ஒரு வார்த்தை. 2002-இல் வின்ட்சர் பக்கம் முதன்முதல் கண்ட பச்சை வண்டுதான் அவற்றைப் பட்டுப்போகச் செய்திருக்கிறது. வண்டு தின்ற ஆஷ் மிக விரைவில் முறுகலாகிவிடும். நிற்கும் மரத்தில் கொப்புகள் சொல்லாமல் முறிந்து விழும். விழுந்து கிடப்பதை நீங்கள் வெட்டுங்கள், நிற்பதை அனுபவம் உள்ள ஒருவரை வைத்து விழுத்துங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

குளிர்கால வாளுக்கு எண்ணெயைத் தவிர இன்னும் இரண்டு விஷயம் உண்டு. பல வாள்களில் காபரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் ஒரு மூடி அல்லது திருப்பி இருக்கும். குளிர் பூச்சியத்துக்கு நன்றாகக் கீழே போனதும் அதைக் குளிர்கால நிலைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பனித்தூள் உறிஞ்சிக் காபரேட்டர் உறையும். வெயில் நாளில் திரும்ப மாற்ற மறக்கக்கூடாது. அப்புறம், சூடான சங்கிலியை இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். மைனஸ் 20-இல் அது ஆறும்போது சுருங்கி என்ஜினின் தண்டையும் பெயாரிங்கையும் இழுக்கும்.

பங்குனி கடைசியில், மரத்தில் சாறு ஏறத் தொடங்கும்போது, என் வெட்டு வேலை முடியும். அன்றைக்குக் கடைசி டாங்குக்குக் கனோலா ஊற்றுவதில்லை. வழக்கமான பார் ஒயிலை ஊற்றி, அதைப் பாதியாவது வெட்டித் தீர்ப்பேன். பம்ப், குழாய், பார்ப் பள்ளம் எல்லாவற்றிலும் இருந்த கனோலா அதோடு வெளியே போய்விடும். பிறகு பாரைக் கழற்றிப் பள்ளத்தை ஒரு மெல்லிய தகட்டால் சுரண்டி, சங்கிலியை மண்ணெண்ணெயில் அலசி, சொட்டுப் பார் ஒயில் பூசி ஒரு பையில் போட்டுக் கட்டிவைப்பேன். அரை மணி நேர வேலை. ஐப்பசியில் எடுக்கும்போது சங்கிலி விரல் பட்டாலே ஓடுகிறது.